ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறை: வகுப்பில் தனிக் கவனமும் நியாயமும் சேர்ந்து நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் பெற்றோர் கூட்டத்தன்று ஒரு அம்மாச்சி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மகளும் மருமகனும் திருப்பூரில் வேலை, பேத்தியை இவர்தான் வளர்க்கிறார். "எம் பேத்தி எப்படிப் படிக்குது சார்?" என்று கேட்டார். "நல்லாப் படிக்கிறா, கவலைப்படாதீங்க" என்றேன். அவர் நகரவில்லை. "எது நல்லா வருது, எது வரல? அதைச் சொன்னீங்கன்னா வீட்ல பாத்துக்குவேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண் ஃபெயிலாகவில்லை, முதல் மார்க் வாங்கவில்லை, சத்தம் போடவில்லை, லீவும் போடவில்லை. எட்டு மாதமாக மூன்றாம் வரிசையில் என் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் கூடத் தெரியவில்லை.

நான் மேலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுக்கிறேன். கீழே எழுதியிருப்பது அந்த நாளுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பார்த்து, தப்பானதை விட்டு, நின்றதை வைத்துக்கொண்ட வழி. கணக்கு வகுப்பை வைத்துச் சொல்கிறேன். தமிழ், அறிவியல், ஆங்கிலம் எடுப்பவர்கள் உதாரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு கணக்கு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. என் ஏழாம் வகுப்பில் 42 பேர். பீரியட் 40 நிமிடம். பாடமே நடத்தாமல் பகிர்ந்து கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு நிமிடம் வராது. தினமும் எல்லோருக்கும் சமமாகக் கவனம் தருவேன் என்று யாராவது சொன்னால் அது நடக்காத காரியம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு ஒரு விடை ஏற்கெனவே தெரியும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் விட்டால் தலைமடைதான் நனையும், கடைமடைக்கு ஈரம் கூடப் போகாது. அதனால்தான் முறை வைக்கிறார்கள். கள்ளந்திரிக்குக் கீழே, வருடத்துக்கு ஒரு போகம் மட்டும் விளையும் எங்கள் பகுதியில் முறைத் தண்ணீர் என்றால் என்ன என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். வகுப்பில் நம் கவனமும் அப்படிப்பட்ட தண்ணீர்தான். முறை வைத்து, கணக்கு வைத்துப் பாய்ச்ச வேண்டும்.

படி 1: ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம்

வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீரியட் முடிந்ததும், அடுத்த வகுப்புக்கு நடக்கும் முன், அங்கேயே நின்று இரண்டு நிமிடத்தில் குறியுங்கள். யாரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டீர்களோ அவருக்கு ஒரு கோடு. யார் பக்கத்தில் நின்று நோட்டைப் பார்த்துப் பேசினீர்களோ அவருக்கு ஒரு வட்டம். யாரைத் திட்டினீர்களோ, "பேசாதே" என்றீர்களோ, அவருக்கு ஒரு பெருக்கல் குறி. மாலையில் குறித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் நினைவு நம்மை ஏமாற்றும். நமக்குப் பிடித்த மாதிரிதான் ஞாபகம் வரும்.

என் முதல் வாரத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வரிசையில் ஏழெட்டுப் பேருக்குக் கோடுகள் குவிந்திருந்தன. கடைசி வரிசையில் நான்கு பையன்களுக்குப் பெருக்கல் குறிகள் மட்டும். பதினொரு பெயர்களுக்கு எதிரே எதுவுமே இல்லை, வெள்ளைத் தாள். அந்தப் பதினொன்றில் எட்டுப் பேர் பெண் பிள்ளைகள். எல்லோரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன் என்று அதுவரை மனதார நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிக்கை பொய் இல்லை, ஆனால் தாளும் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள்: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? நான் கரும்பலகையின் வலது ஓரத்தில் நின்று எழுதிப் பழகியவன். திரும்பினால் முதலில் கண்ணில் படுவது பையன்கள் பக்கம். கேள்வியும் அங்கேயே போனது. நிற்கும் இடத்தை மாற்றியதே பாதி வேலையைச் செய்தது.

படி 2: யாருக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் கற்பிக்கிறார்கள். மேல் வகுப்பில் அந்த ஏற்பாடு நம் கையில்தான் இருக்கிறது. நான் ஜூன் மாதத்தில் ஒரே ஒரு பக்கம் கொடுப்பேன், ஐந்து கேள்வி: ஒரு நான்கிலக்க எண்ணைச் சொல்லக் கேட்டு எழுதுவது, கடன் வாங்கிக் கழிப்பது, இரண்டிலக்க எண்ணால் வகுப்பது, இரண்டு பின்னங்களைக் கூட்டுவது, மூன்று வரி வாழ்க்கைக் கணக்கு ஒன்று. மார்க் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இந்தத் தாளில் சரி, தப்பு என்று மட்டும் பார்த்தால் பயனில்லை. 503-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பையன் 475 என்று எழுதுவான். அவசரப்பட்டான் என்று நினைத்து அடித்துவிடுவோம். நிதானமாகப் பாருங்கள்: 8-இலிருந்து 3 போனால் 5, 7-இலிருந்து 0 போனால் 7, 5-இலிருந்து 1 போனால் 4. எங்கே வந்தாலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறான். அவனிடம் ஒரு விதி இருக்கிறது, அந்த விதி தப்பு. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பெண்ணும் அப்படித்தான், மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டுகிறாள். இவனுக்கும் இவளுக்கும் ஒரே "சிறப்பு வகுப்பு" வைத்தால் இரண்டு பேருக்கும் பயன் இருக்காது.

கணக்கோடு தொடர்பில்லாத காரணங்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மல்லிகை சீசனில் மொட்டு விரியும் முன் பறிக்க வேண்டும் என்பதால் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகள் மதுரையைச் சுற்றி நிறைய. முதல் பீரியடில் தூங்கினால் அது சோம்பல் இல்லை. நகருக்குள் சௌராஷ்டிர மொழி பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும், வேலைக்காக வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கும் கணக்கு வரும், கணக்கின் தமிழ் வாக்கியம்தான் தடுக்கும். எப்போதும் பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று நான் பலமுறை கண்டித்த ஒருவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது கண் பரிசோதனை முகாமில்தான் தெரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இந்தக் குறிப்புகளை உங்கள் பையில் வையுங்கள், மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டு வறுமை, பெற்றோர் சண்டை போன்றவை ஓய்வறையில் பேச வேண்டிய விஷயங்களும் அல்ல.

படி 3: ஏற்பாட்டைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் என் முதல் முயற்சி கெட்டது. கழித்தல் வராத நான்கு பேரோடு தினமும் உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். "அவங்களுக்கு மட்டும் சார் தனியாச் சொல்லிக் கொடுக்கிறாரு." அந்த நான்கு பேரோ "நாங்க மட்டும் மக்காப் போயிட்டமா?" என்று குன்றினார்கள். செய்தது தப்பில்லை. சொல்லாமல் செய்ததுதான் தப்பு.

இப்போது ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு பீரியட் முழுக்க இதற்குக் கொடுக்கிறேன். "உங்க வீட்டு விசேஷத்துல பந்தி வச்சா என்ன செய்வீங்க?" என்று தொடங்குவேன். எல்லோருக்கும் இலை போடணும், யாரையும் சாப்பிடாமல் எழுப்பக்கூடாது, சாம்பார் கேட்பவருக்கு இரண்டாம் தடவை ஊற்றணும், வேண்டாம் என்பவர் இலையில் கொட்டக்கூடாது. இதெல்லாம் அவர்களே சொல்வார்கள். "ஒருத்தருக்கு ரெண்டாவது தடவை சோறு வச்சா மத்தவங்க கோவிச்சுக்குவாங்களா?" என்று கேட்டால், "கோவிக்க மாட்டாங்க சார், அவங்களும் கேட்டா கிடைக்கும்ல" என்று பதில் வரும். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, "கேக்க வெக்கப்படுறவங்களுக்கும் நாமளா பாத்து வைக்கணும் சார்" என்றாள். அதை அப்படியே தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன்.

அப்புறம் மூன்று உறுதி கொடுப்பேன். ஒன்று, எல்லோருக்கும் முறை உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் வரும். இரண்டு, தேவைப்பட்டவருக்குக் கூடுதல் முறை உண்டு, யாரும் கேட்கலாம். மூன்று, உன்னோடு பேசியதை நான் மற்றவரிடம் சொல்ல மாட்டேன். நியாயம் என்பது தன் முறை நிச்சயம் வரும் என்று பிள்ளை நம்புவதில் இருக்கிறது. அந்த நம்பிக்கை வந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவனுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் போனதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

படி 4: முறைத்தாள்

இதுதான் முழு ஏற்பாட்டின் முதுகெலும்பு. 42 பெயர்கள், தினம் ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒன்பது வகுப்பில் ஒரு சுற்று முடியும். பத்தாவது வகுப்பு, லீவு போட்டு முறை விட்டவர்களுக்கு. ஆக இரண்டு வாரம் ஒரு சுற்று. சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள். தேர்வு, விழா எல்லாம் போனாலும் ஒரு பிள்ளைக்குப் பதினைந்து முறை வரும். பதினைந்து தடவை என்பது அரை மணி நேரம். அந்த மூன்றாம் வரிசைப் பெண்ணுக்கு நான் எட்டு மாதத்தில் அரை நிமிடம் கூடக் கொடுத்திருக்கவில்லை.

பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? கணக்குக் கொடுத்துப் பிள்ளைகள் போடும் நேரத்திலிருந்துதான். முன்பு அந்த நேரத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். இப்போது கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, மேலே மூன்று கணக்கு, கீழே இரண்டு எழுதிவிடுகிறேன். மேலே உள்ளதை எல்லோரும் போட வேண்டும். கீழே உள்ளது முடித்தவர்களுக்கு. சந்தேகம் வந்தால் முதலில் புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டைப் பார், அப்புறம் பக்கத்தில் கேள், அதற்கு அப்புறம்தான் என்னிடம் வா. இந்த வரிசை பழகுவதற்கு ஒரு மாதம் பிடிக்கும். முதல் இரண்டு வாரம் சத்தமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

பிள்ளையை மேசைக்குக் கூப்பிட வேண்டாம். மேசைக்குப் போவது என்றாலே மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணம் அவர்களுக்கு. நாம் அவர்கள் இடத்துக்குப் போய், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பேசலாம். முதுகு வகுப்புக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குரல் அந்தப் பெஞ்சைத் தாண்டக்கூடாது.

இரண்டு நிமிடத்தில் என்ன பேசுவது? "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் இல்லை என்று சொல்லாது. நான் கேட்பது இதுதான்: "இந்தக் கணக்கை எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லுத்தா." பையனாக இருந்தால் "சொல்லுய்யா." முக்கால் நிமிடம் குறுக்கிடாமல் கேட்பது கடினம், எனக்கு இன்னும் கடினம்தான். கேட்ட பிறகு ஒரே ஒரு விஷயத்தைத் திருத்துங்கள், ஐந்தை அல்ல. அந்த ஒன்றைப் பிள்ளையின் நோட்டில் ஒரு வரியாக எழுதித் தேதி போடுங்கள். "கடன் வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்க மறக்காதே." "உன் படம் சரி, அலகு எழுது." அடுத்த முறை வரும்போது அந்த வரியிலிருந்துதான் பேச்சு தொடங்கும். சார் மறக்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரிவது பெரிய விஷயம்.

அடுத்த ஜூனில் இந்த முறைத்தாளைத் தொடங்கியபோது அந்தப் பெண் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அவளுடைய முறை மூன்றாம் நாள் வந்தது. வகுத்தல் கணக்கை நான் சொல்லித் தராத ஒரு வழியில் போட்டிருந்தாள். 864-ஐ 24-ஆல் வகுக்க, முதலில் 12-ஆல் வகுத்து 72, அதை மறுபடி 2-ஆல் வகுத்து 36. "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றேன். "அம்மாச்சி கடைல முட்டை டஜன் கணக்குப் போடுவேன் சார்" என்றாள். இவ்வளவும் மூன்றாம் வரிசையில் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தது.

படி 5: கூடுதல் முறை

தேவை அதிகம் உள்ளவர்களுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று தடவை தனியாக நேரம் வேண்டும். ஒரே தடுமாற்றம் உள்ள மூன்று நான்கு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். நான்கு வாரம் என்று முதலிலேயே எல்லை சொல்லிவிடுங்கள். நான்கு வாரம் கழித்து அதே மாதிரி ஒரு சின்னத் தாள் கொடுத்துப் பார்த்து, வந்தவர்களை விடுவித்து, வராதவர்களுக்கு வேறு வழி யோசியுங்கள். குழு மாறிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் ஒட்டாது. வருடம் முழுக்க அதே ஆறு பேர் என்றால் "மெல்லக் கற்பவர்கள்" என்ற பெயர் அவர்கள் நெற்றியில் ஒட்டிவிடும். அந்தச் சொல் பதிவேட்டில் மட்டும் இருக்கட்டும், வாயில் வர வேண்டாம்.

இந்த நேரத்தை விளையாட்டு பீரியடிலிருந்தும் மதியச் சாப்பாட்டு நேரத்திலிருந்தும் எடுக்காதீர்கள். கணக்கு வராத பிள்ளைக்கு விளையாட்டில்தான் தலை நிமிர வாய்ப்பு, அதைப் பிடுங்கினால் உதவி என்பது தண்டனையாக மாறிவிடும்.

நன்றாகப் படிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீக்கிரம் முடிப்பவனை எழுப்பி "போய் அவனுக்குச் சொல்லிக் கொடு" என்று தினமும் அனுப்புவது எளிது. எப்போதாவது நல்லதும்கூட. அதையே வழக்கமாக்கினால் அவனுடைய பங்கை எடுத்து மற்றவருக்குக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். அவனுக்கும் அவனுடைய உயரத்துக்குத் தகுந்த ஒரு கேள்வி வேண்டும். பத்துக் கணக்குக்குப் பதில் இருபது கணக்கு என்பது அந்தக் கேள்வி அல்ல. "இதையே வேறு வழியில் போடு", "இந்த விடை வரும்படி நீயே ஒரு கணக்கு எழுது" என்று கொடுங்கள்.

படி 6: வகுப்பு முழுவதையும் பார்த்துக் கேள்வி கேட்கும்போது

கை தூக்குபவர்களை மட்டும் கேட்டால் அதே எட்டுப் பேர்தான். ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள், அப்புறம் குச்சியை எடுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 41 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அந்த நிறுத்தம் முக்கியம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான் என்று கண்டார். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிப் பாருங்கள், மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

தெரியவில்லை என்றால் "அப்புறம் சொல்றேன் சார்" என்று சொல்ல உரிமை கொடுங்கள். ஆனால் இன்னொருவர் பதில் சொன்ன பிறகு அவரிடம் திரும்பி வந்து, அதை அவர் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். கவனிக்காதவனைப் பிடிக்கக் குச்சியைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்தாலும் டப்பாவைப் பார்த்தாலே பயம் வந்துவிடும்.

படி 7: வேலை, இடம், கண்டிப்பு

நாம் பாடத்தில் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் பிள்ளைகள் நம்மை அளப்பது இந்த மூன்றில்தான்.

யார் சாக்பீஸ் எடுத்து வருகிறார், யார் வகுப்பைப் பெருக்குகிறார், யார் தண்ணீர் கொண்டு வருகிறார்? நம் ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பின்னால் சாதி ஒளிந்திருக்கிறது, பெண் பிள்ளைகள்தான் பெருக்க வேண்டும் என்ற நினைப்பும் இருக்கிறது. நாம் வேண்டுமென்று செய்வதில்லை, வாயில் வந்த பெயரைச் சொல்கிறோம். வாயில் வரும் பெயர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில்லை. அதனால் வாய்க்கு வேலை கொடுக்காமல் பதிவேட்டு வரிசைப்படி கொடுங்கள். பெருக்கும் முறை வரும் நாளில் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் பெருக்கட்டும். நானும் அந்தச் சுற்றில் ஒரு நாள் விளக்குமாறு எடுக்கிறேன்.

உட்காரும் இடமும் அப்படித்தான். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில், பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான் அகர வரிசையில் வைத்துத் திங்கள்தோறும் ஒரு வரிசை பின்னால் நகர்த்துகிறேன். கண், காது பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் முன் வரிசையிலேயே இருப்பார்கள். காரணம் வகுப்புக்குத் தெரியும், யாரும் கேட்பதில்லை.

கண்டிப்பு பற்றி: ஒரே தப்புக்கு ஒரே விளைவு. ஹோம்வொர்க் செய்யாத ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சிரிப்பு, கடைசி பெஞ்ச் பையனுக்கு ஒரு அறை என்றிருந்த காலம் எனக்கும் நினைவிருக்கிறது. அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் விளைவு ஒன்றாக இருந்தாலும் விசாரிப்பது தனித்தனியாக இருக்க வேண்டும். ஹோம்வொர்க் செய்யாத எல்லோரும் மதியத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பொது விதி. ஏன் செய்யவில்லை என்று தனியாகக் கேட்கும்போது ஒருவனுக்கு விளையாட்டு ஆசை, இன்னொருத்திக்கு இரவு முழுக்கத் தம்பிக்குக் காய்ச்சல் என்று வரும். அவளுக்கு நாளை வரை நேரம் கொடுத்தால் அது சலுகை அல்ல.

படி 8: தாள் திருத்தும்போது

பெயர் தெரியாதபடி முதல் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, ஆள் வாரியாக அல்லாமல் கேள்வி வாரியாகத் திருத்துங்கள். முதல் கேள்வியை 42 தாளிலும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள். நல்ல பெயருக்கு அரை மார்க் கூடுவதும் கெட்ட பெயருக்கு அரை மார்க் குறைவதும் இதில் பெருமளவு நின்றுவிடும்.

ஆனால் எழுதும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நன்றாகப் பேசிவிட்டு எழுதும்போது எழுத்துகளைத் திருப்பிப் போடும் பிள்ளை, எவ்வளவு சொல்லியும் வரிசை தவறும் பிள்ளை இருந்தால் அதைக் கவனக்குறைவு என்று முடித்துவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. தலைமையாசிரியர் மூலம் வட்டார வள மையத்துக்குச் சொல்லிச் சிறப்புப் பயிற்றுநரை வரவழையுங்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் போய் அலைவதை விட ஆறாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.

படி 9: வீடு

தப்பு நடந்தால் மட்டும் வீட்டுக்கு போன் போகிறது. வாரம் இரண்டு போன், முறைத்தாள் வரிசையில், நல்ல செய்தி ஒன்றோடு பேசுங்கள். எங்கள் பக்கம் பாதி வீட்டில் எடுப்பது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். "படிக்க வையுங்க" என்பதைவிட, "ராத்திரி பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்து, இன்னைக்கு என்ன நடத்துனாங்கன்னு சொல்லச் சொல்லுங்கம்மா" என்றால் அவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்க முடியும்.

படி 10: மாதக் கடைசியும் முறை தவறும் நாட்களும்

மாதக் கடைசியில் ஒரு வாரம் மறுபடி கோடு, வட்டம், பெருக்கல் குறி போட்டுப் பாருங்கள். பழைய வழக்கம் சத்தமில்லாமல் திரும்பி வரும். எனக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் வருகிறது, காலாண்டுத் தேர்வு அவசரத்தில் மறுபடி அந்த எட்டுப் பேரிடமே போய்விடுகிறேன். தாளைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

முறை அடிக்கடி அறுபடவும் செய்யும். தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு. மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் அதற்கு ஒரு வாரம் முன்பே மனதால் வாடிவாசலுக்குப் போயிருப்பார்கள். பயிற்சிக்குப் போகச் சொல்லி நமக்கே உத்தரவு வரும். அறுபட்டால் மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் 'அ' வரிசைக்காரர்களுக்கு எப்போதும் தண்ணீர், 'வ' வரிசைக்காரர்கள் வருடம் முழுக்கக் கடைமடை. எந்தப் பெயரில் நின்றதோ அங்கே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் அதற்கு அடுத்த பெயர். ஒரு சுற்று 'அ'விலிருந்து என்றால் அடுத்த சுற்று கடைசிப் பெயரிலிருந்து மேலே வரட்டும்.

ஏப்ரலில் கடைசி வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதி அடுத்த ஆண்டு எடுக்கப்போகும் ஆசிரியர் கையில் கொடுங்கள்: எது நன்றாக வருகிறது, எது இன்னும் வரவில்லை. அம்மாச்சி கேட்டது அந்த இரண்டைத்தான். குடும்ப விஷயம், குணம் பற்றிய தீர்ப்பு எதுவும் வேண்டாம். 42 பேருக்கும் எழுத எனக்கு ஒரு மாலை நேரம் ஆகிறது. யாருக்காவது எழுத ஒன்றும் தோன்றாமல் பேனா நின்றால், பள்ளி மூட இன்னும் சில நாள் இருக்கும், மறுநாள் முதல் முறை அந்தப் பிள்ளைக்கு.